கஞ்சி போட்ட சேணத்துணி

இருங்காட்டுக்கோட்டையில், கார் கம்பெனிகளின் மதில்களைத் தாண்டிச் சற்று உள்ளே, ஒரு குதிரையேற்றப் பள்ளி நடக்கிறது. அதை நடத்தும் அம்மையார் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். நான் குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேணத்துக்கு அடியில் போடும் விரிப்புகள் மூன்றைக் கொண்டுவந்து என் கட்டிலில் பரப்பினார். ஒன்று ஜெல் அடைத்தது, ஒன்று ரப்பர் நுரை, ஒன்று ஆட்டுரோமம்.

"எங்க பசங்க கலரைப் பாத்து வாங்கிட்டு வந்துடறாங்க சார். எத வாங்கலாம், எத வாங்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. எங்க ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் முடியவில்லை. ஒரு குதிரையின் முதுகுக்கும் அதன் சேணத்துக்கும் நடுவில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே இருபத்தேழு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். எண்பத்தாறு வயதில் அடக்கத்துக்காக அதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் அதைக் கெடுத்தேன். கெடுத்ததை இன்னொருவர் தலையில் போட்டேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரையும் ஒரு பொய்யாகிவிடும்.

பண்ணை ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒட்டி இருந்தது. முதலாளி பஸ்கள் ஓட்டியவர். குதிரை அவருக்கு ஆசையும் வியாபாரமும். குட்டிகளை வளர்த்து, சவாரிக்குப் பழக்கி, கிளப்புகளுக்கும் மலைத்தோட்டக்காரர்களுக்கும் விற்பார். லாயத்தில் எப்போதும் நாற்பது குதிரைகளுக்குக் குறையாது. நான் இன்டர்மீடியட் தேறியவன் என்பதால் 1959இல் என்னை ஸ்டோருக்குப் போட்டார்கள். கொள்ளு, லாடம், தோலுக்குப் போடும் எண்ணெய், வார்கள், சேணங்கள், அவற்றின் அடியில் போடும் கம்பளிகள் எல்லாம் என் பொறுப்பு.

குதிரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. முதல் வாரம் குதிரைக்காரர்கள் வந்து கம்பளி கேட்டபோது, இந்த வெயிலில் குதிரைக்குக் குளிரவா செய்கிறது என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் சிரித்தார்கள்.

"ஸ்டோர் சார், அப்பிடியே ஒரு மப்ளரும் வாங்கி வெச்சுடு. புளசம்மாவுக்குக் காலைல ரெண்டு தபா தும்மல் வந்துச்சு" என்றார் எத்திராஜ்.

எத்திராஜ் ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். முதலாளி ப்ளாஸம் என்று பெயர் வைத்த பெண்குட்டியை அவர் புளசம்மா ஆக்கினார். பிறகு முதலாளியே அப்படித்தான் கூப்பிட்டார். தன் கையில் இருந்த குதிரைகளில் ஒன்றுக்குக்கூட முதுகு உரிந்ததில்லை என்பது எத்திராஜின் பெருமை. ஊரில் வரப்புச் சண்டை நடந்தாலும் அதை எப்படியாவது ஒருமுறை சொல்லிவிடுவார்.

எங்கள் மேலாளர் கோவிந்தராவ், குதிரைப்படையில் ரிசல்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திக் குடும்பம். நாங்கள் அவரை ரிசல்தார் என்றே சொன்னோம். அவர் குரலை உயர்த்தி ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் சொல்வது காதில் விழ நாம் கிட்டே போய் நிற்க வேண்டும். அதுவே போதுமான தண்டனை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "இன்டர்மீடியட்" என்பார்.

காலைச் சவாரி முடிந்து குதிரைகள் வந்ததும் சேணங்களைக் கழற்றுவார்கள். ஒவ்வொரு குதிரையின் கம்பளியையும், முதுகைத் தொட்ட பக்கம் மேலே தெரிய, லாயத்துக் குட்டைச் சுவரின் மேல் வரிசையாக விரித்து வைப்பார்கள். ரிசல்தார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்.

"என்ன இன்டர்மீடியட், பேப்பர் படிக்கலாமா?"

வியர்வையைப் படிப்பதைத்தான் அப்படிச் சொல்வார். கம்பளியின் நடுவில், முதுகெலும்புக்கு நேராக, நீளமாக ஒரு பட்டை காய்ந்திருக்க வேண்டும். அதன் இரண்டு பக்கமும் ஒரே அளவாக நனைந்திருக்க வேண்டும். நனைந்த பரப்புக்குள்ளே உள்ளங்கை அளவு ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் ஏதோ தவறு. ஒன்று, சேணம் அங்கே அதிகமாக அழுத்தி வியர்வையை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் அங்கே தொடவே இல்லை. இரண்டில் எது என்று கம்பளி சொல்லாது. குதிரையிடம் போய் அதே இடத்தில் மூன்று விரலால் அழுத்த வேண்டும். தோலைச் சிலிர்த்து முதுகைத் தாழ்த்தினால் அழுத்தம். பேசாமல் நின்றால் இடைவெளி.

இதில் அவருக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. அவர் பார்த்து முடிக்கும் வரை எந்தக் கம்பளியையும் தண்ணீரில் போடக் கூடாது. "படிக்கறதுக்கு முன்னாடியே பேப்பரைக் கரைச்சுட்டா சேதி எங்கேருந்து வரும்?" என்பார்.

ஐந்து ஆண்டுகளில் அவரிடம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகைத் தொடுவது கம்பளி ரோமமாக இருப்பது நல்லது. அது வியர்வையைக் குடிக்கும், வழுக்காது. ரோமத்தை அழுத்திச் செய்த தடித்த விரிப்பை நம்தா என்போம். அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பத்து எண்ணுவதற்குள் பள்ளம் எழும்பிவிட வேண்டும். கம்பளியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கன்னத்தை உறுத்துவது முதுகையும் உறுத்தும். விரிக்கும்போது கழுத்துப் பக்கம் சற்று முன்னால் வைத்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே பின்னால் இழுக்க வேண்டும். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் முன்னால் தள்ளக் கூடாது. தூக்கி எடுத்து மறுபடி விரிக்க வேண்டும். கழுத்து முடிகிற இடத்தில் எலும்பு மேடாக நிற்கும். சேணம் வைத்ததும் அந்த மேட்டின் மேல் இருக்கும் துணியைச் சேணத்தின் வளைவுக்குள் தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஆள் ஏறியதும் துணி இழுபட்டு அங்கே கயிறு போல அறுக்கும்.

எல்லோரும் செய்யும் தவறு தடிமனில்தான். முதுகு வலிக்கிறதா, இன்னொரு கம்பளி போடு என்பார்கள். டைகர் என்று ஒரு குதிரை ஏறியவர்களையெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று கம்பளி வரை போட்டுப் பார்த்துவிட்டுக் குணம் கெட்ட குதிரை என்று ஒதுக்கிவிட்டார்கள். நான் அதன் கம்பளியை ஒரு வாரம் படித்தேன். தோள்களின் பக்கம் இரண்டு காய்ந்த திட்டுகள் ஒரே இடத்தில் வந்துகொண்டே இருந்தன. மழைக்குப் பிறகு புல் தின்று குதிரை பருத்துவிட்டது. சேணம் பழைய அளவு. சிறுத்துப்போன சட்டைக்குள் பனியன் மேல் பனியன் போட்டால் எப்படி இருக்கும்? இரண்டு கம்பளியை எடுத்துவிட்டு மெல்லிய ஒன்றை மட்டும் போடச் சொன்னேன். மறுநாள் ரிசல்தாரே அதில் ஏறி இரண்டு சுற்று போய்விட்டு வந்தார். இறங்கி, கடிவாளத்தை என் கையில் கொடுத்து, "ம்" என்றார். இன்டர்மீடியட் சான்றிதழைவிட அந்த "ம்" எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது புளசம்மாவின் சங்கதி.

1964ஆம் ஆண்டு, மாசி மாதம். மகள் கல்யாணத்துக்காக ரிசல்தார் தஞ்சாவூர் போயிருந்தார். பெங்களூரிலிருந்து ஒரு சவாரி கிளப்புக்காரர் புளசம்மாவைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. பிடித்துப்போனால் இன்னும் ஆறு குதிரைகள் எடுப்பதாகவும் எழுதியிருந்தார். முதலாளி லாயத்துக்கு வந்தார். சுவர் மேல் காய்ந்துகொண்டிருந்த கம்பளிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, அழுக்குக் கந்தை மாதிரி. பெரிய மனுஷங்க வர்றாங்க. ஆஸ்பத்திரி பெட்ஷீட் மாதிரி வெள்ளையா இருக்க வேணாமா?"

ரிசல்தார் இல்லாத சமயத்தில் முதலாளி என்னிடம் நேரே சொன்ன முதல் வேலை அது. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தையல்காரரிடம் வெள்ளை டிரில் துணியில் உறை தைக்கக் கொடுத்தேன். தலையணைக்குப் போடுவது போல நம்தாவுக்கு ஓர் உறை. ஒருமுறை நனைத்ததும் டிரில் தொய்ந்து, மூலைகள் சுருண்டுவிட்டன. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டுத் துணிகளையும் லாயத்துத் துணிகளையும் வெளுக்கும் கன்னியப்பன் என் வேட்டிகளுக்கு மடிப்புக் கலையாமல் கஞ்சி போட்டுத் தருவார். அவரிடம் உறையை எடுத்துப் போனேன்.

"இன்னா சார், குதிரைக்கா கஞ்சி?"

"குடிக்கிற கஞ்சி இல்லப்பா, உடுத்துற கஞ்சி. என் வேட்டிக்குப் போடற மாதிரியே போடு."

கன்னியப்பன் உறையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "வேட்டி மொடமொடன்னு இருந்தா நீ எயுந்து நின்னு சரி பண்ணிக்கிற. குதிரை இன்னா பண்ணும் சார்?"

"சொன்னதைச் செய்யேன்" என்றேன்.

குறித்த நாள் காலையில் உறை போட்ட நம்தாவை எத்திராஜிடம் கொடுத்தேன். அவர் புறங்கையால் அதைத் தடவினார். பிறகு உள்ளங்கையால் தடவினார்.

"சார், அப்பளமாட்டம் கீது."

"புதுசு. அப்படித்தான் இருக்கும்."

"அடில பழைய கம்பளி ஒண்ணு போட்டுக்கறேன் சார். இது மேல இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு ஓரம் வெள்ளையா தெரிஞ்சா போதாதா?"

எவ்வளவு எளிய வழி. அதை ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். நானோ டைகரின் கதையை அவருக்கே பாடமாகச் சொன்னேன்.

"ரெண்டு போட்டா சேணம் இறுகும்னு உனக்குத் தெரியாதா?"

"அப்ப கசக்கியாவது போடறேன்" என்று உறையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிசைய ஆரம்பித்தார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "சுருக்கம் தெரியும். முதலாளி பாத்தா என்னைத்தான் கேப்பாரு."

எத்திராஜ் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புளசம்மாவின் முதுகை ஒருமுறை துடைத்தார். விரிப்பை முன்னால் வைத்துப் பின்னால் இழுத்தார். மேட்டின் மேல் தூக்கிவிட்டார். இரண்டு பக்கமும் கை விட்டுப் பார்த்துவிட்டு வயிற்றுவாரை இறுக்கினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

பெங்களூர்க்காரர் ஏறினார். எத்திராஜ் இன்னொரு குதிரையில் துணைக்குப் போனார். ஏரிக்கரை வழியாக ஒரு மணி நேரம் ஓட்டம். அங்கே ஒரு தோப்பில் முதலாளி ஏற்பாடு செய்த சிற்றுண்டி. சேணத்தைக் கழற்ற வேண்டாம், வாரை மட்டும் தளர்த்து என்று பெங்களூர்க்காரர் சொல்லியிருக்கிறார். முக்கால் மணி நேரம் புளசம்மா வெயிலில் நின்றது. என்ன நடந்திருக்கும் என்று பின்னால் நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தின் வியர்வையில் கஞ்சி கரைந்து பசையானது. வார் தளர்ந்ததும் உறை நம்தாவின் மேல் நழுவிச் சுருங்கியது. சுருக்கங்கள் வெயிலில் அப்படியே காய்ந்து தகடாயின. அதன் மேல் வாரை இறுக்கிக்கொண்டு இன்னொரு மணி நேரம் ஓடினார்கள்.

திரும்பி வந்தபோது புளசம்மா தலையைத் தொங்கப்போட்டு, வாலைச் சுழற்றிக்கொண்டே வந்தது. எத்திராஜ் குதித்து இறங்கி ஓடிவந்து அதன் சேணத்தைக் கழற்றினார். விரிப்பு லேசில் வரவில்லை. வந்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மேட்டின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு இரண்டு கோடுகள், கோடுகளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த சதை. எத்திராஜ் அதன் மூக்கைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குதிரைக்காரனுக்குத் துணி விரிக்கத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பெங்களூர்க்காரர் காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளி லாயத்து வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"ஜீனி போட்டது யாரு?" சேணத்தை அவர் ஜீனி என்பார்.

"நான்தான் மொதலாளி."

"எத்தனை வருஷமா போடற?"

"பதினொண்ணு."

"பதினோரு வருஷத்துல ஒரு துணிய ஒழுங்கா விரிக்கத் தெரியல."

"விரிச்சதுல ஒண்ணும் இல்ல மொதலாளி. துணிக்குக் கஞ்சி போட்டுட்டாங்க. தகரமாட்டம் இருந்துச்சு. காலைலயே ஸ்டோர் சார் கையில சொன்னேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கஞ்சியா?"

அவர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. ரிசல்தார் திரும்பி வந்தால் என்ன சொல்வார் என்பதும், டைகரின் கதையும், அந்த "ம்" என்ற ஒற்றைச் சொல்லும் அந்த நேரத்துக்குள் என் மனதில் வந்துவிட்டுப் போயின.

"லேசா போட்டதுதான் சார். எப்பவும் போடறதுதான். விரிக்கும்போது சுருக்கம் விழுந்திருக்கு" என்றேன்.

லேசாகப் போட்டதல்ல. அதற்கு முன்பு எப்போதும் போட்டதில்லை. விரித்ததில் சுருக்கம் இல்லை என்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஒரு வரியில் மூன்று பொய்.

"சார்" என்றார் எத்திராஜ். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நான் எதையோ மறந்துவிட்டது போலவும், அதை அவர் நினைவுபடுத்துவது போலவும் இருந்தது. நான் கீழே பார்த்தேன். படித்தவனின் பேச்சுக்கு முன்னால் அவர் பேச்சு எடுபடவில்லை. அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

தன்னிடம் இருந்த சாமான்களை அவர் ஸ்டோரில்தான் ஒப்படைக்க வேண்டும். பிரஷ், சீப்பு, குளம்பு சுத்தம் செய்யும் கொக்கி, இரண்டு கயிறு. ஒவ்வொன்றாக என் மேசையில் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"புண்ணுக்கு மஞ்சள் வெக்கச் சொல்லாத சார், காஞ்சு வெடிக்கும். வேப்பெண்ணெய் வெக்கச் சொல்லு. ஈ வராது."

அவர் போன பிறகு நான் சுவர் மேல் கிடந்த உறையை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன். என் கையாலேயே துவைத்தேன். தண்ணீர் முதலில் சிவப்பாக ஓடியது. பிறகு அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாக ஓடியது. அது தெளியும் வரை கசக்கினேன். காலையில் எத்திராஜைக் கசக்க விடாதவன் நான்தான்.

ஐந்தாம் நாள் ரிசல்தார் வந்தார். புளசம்மாவின் முதுகைப் பார்த்தார். "துணி எங்கே?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"யார் தோச்சது?"

"நான்தான் சார்."

"கன்னியப்பன் இல்லை?"

"இல்லை சார்."

அதற்குப் பிறகு அவர் கேட்டது எனக்குக் காதில் விழவில்லை. கிட்டே போய் நின்றேன். "ஏன்னு கேட்டேன்."

"ரத்தக்கறை படிஞ்சுடும்னு..."

அவர் உறையை நான்காக மடித்து என் கையில் வைத்தார். "நாளையிலேருந்து பேப்பரை நீங்களே படிச்சுக்குங்க. நான் வரலை" என்றார். என்னை அவர் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதன் பிறகு "இன்டர்மீடியட்" என்று கூப்பிடவே இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். எத்திராஜைத் திரும்ப எடுக்கச் சொல்லி முதலாளியிடம் இரண்டு முறை பேசினார் என்று பின்னால் அறிந்தேன். ஸ்டோர்காரர் அப்படிச் சொல்லவில்லையே என்பதுதான் முதலாளியின் பதிலாம்.

அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் நான் தனியாகவே படித்தேன். நான் தேர்ந்தெடுத்த விரிப்பால் இன்னொரு குதிரையின் முதுகு உரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குதிரையின் முதுகின் மேலும் மெல்லிய ஈயக் கம்பியை மூன்று இடத்தில் வளைத்து வைப்பேன். அந்த வளைவைக் காகிதத்தில் வரைந்து தேதி போட்டு வைப்பேன். கோடையில் இளைத்தால் வளைவு கூர்மையாகும். முன்பக்கத்துக்குத் தடிமன் கூட்டுவேன். மழைக்குப் பிறகு பருத்தால் குறைப்பேன். ஒரு குதிரையின் கம்பளியை இன்னொன்றுக்குப் போட விடமாட்டேன். ஒவ்வொன்றின் மூலையிலும் வேறு வேறு நிற நூலில் அடையாளம் தைத்திருப்பேன். சுல்தான் என்ற கிழட்டுக் குதிரைக்கு முதுகு நடுவில் தொட்டிலாகத் தொங்கிவிட்டது. அதைக் கழித்துவிட வேண்டியதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்தாவைப் படிப்படியாக நான்கு அளவில் வெட்டி, பள்ளத்தை நிரப்பும்படி ஒன்றன் மேல் ஒன்றாகத் தைத்தேன். சுல்தான் இன்னும் ஆறு ஆண்டுகள் குழந்தைகளைச் சுமந்தது. கால்நடை மருத்துவர்கள் வந்து என் காகிதங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் போனார்கள். இதெல்லாம் என் பெருமை. இதை யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை.

அம்மையார் கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஆட்டுரோமம் நல்லது. ஜெல் கெட்டதல்ல, ஆனால் வெயிலில் சூடாகும், வியர்வையைக் குடிக்காது. ரப்பர் நுரை அழுத்திய இடத்தில் எழும்பவில்லை, எண்ணிப் பார்த்தேன். எதை வாங்கினாலும் முதலில் சேணம் முதுகுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத சேணத்தை எந்த விரிப்பும் திருத்தாது. வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

எத்திராஜை மறுபடி பார்த்தது 1978இல். வாலாஜாபாத்தில் பஸ் தவறிவிட்டது. ரயிலடிக்குப் போக ஒரு ஜட்கா நின்றிருந்தது. ஏறப் போனவன் பழக்க தோஷத்தில் குதிரையின் முதுகைப் பார்த்தேன். ஆறிய புண்ணில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். அந்தக் கிழட்டுக் குதிரையின் முதுகில் ஒரு வெள்ளை முடி இல்லை.

"இன்னா ஸ்டோர் சார், முதுவு நல்லா கீதா?" என்றார் வண்டிக்காரர்.

முழுதாக நரைத்திருந்தார். நான் பின்னால் ஏறாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி கடைத்தெருவைத் தாண்டியது.

"எத்திராஜ், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"தெரியும் சார்."

"கஞ்சி போடச் சொன்னது நான். நீங்க கசக்கப் போனப்ப புடுங்குனதும் நான். அப்புறம் துணியத் தோச்சதும் நான்தான்."

"தோச்சது மட்டும் தெரியாது" என்றார். "மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான சார். தெரிஞ்சவன் கையிலயே சொல்றியே. நான் அங்கதான நின்னுகினு இருந்தேன்."

குதிரை ஒரு பள்ளத்தில் கால் வைத்து ஏறியது. அவர் நாக்கால் சத்தம் கொடுத்தார்.

"மெட்ராஸ்ல மூணு லாயத்துல வேலை கேட்டுப் போனேன். நீதான அந்த முதுவ உரிச்சவன்னு கேட்டாங்க. என் பொண்டாட்டியோட அண்ணங்காரன் கேட்டான், மெய்யாலுமே நீ பண்ணியான்னு. அவங்களுக்கெல்லாம் தெரியாது. தெரியாதவங்க கையில சொல்லு சார்."

"முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு."

ரயிலடியில் என்னை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் சொல்லவில்லை. முதலாளி அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தார். திங்கட்கிழமைதோறும் என் காகிதங்களோடு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "இவரு கைபட்ட முதுகு உரியாதுய்யா" என்று விருந்தாளிகளிடம் என்னைக் காட்டிச் சொல்வார். எத்திராஜ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அதே பெருமை. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். சொன்னால் வேலை போகாது என்று எனக்குத் தெரியும். பெயர் போகும். அதனால்தான் சொல்லவில்லை. எத்திராஜ் இறந்த செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

அவர் யாரிடம் சொல்லச் சொன்னாரோ அவர்களில் பெரும்பாலானவர்கள் இப்போது இல்லை. அவர் மகள் மறைமலை நகரில் இருப்பதாக விசாரித்து அறிந்திருக்கிறேன். இது அச்சில் வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் முன்னால் உட்கார்ந்து வாயாலும் சொல்வேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் இதுவரை தெரியாது. ஆகையால் உங்களிடமும் சொல்கிறேன். துணியைத் தேர்ந்தெடுத்தது நான். கஞ்சி போடச் சொன்னது நான். அன்று காலை புளசம்மாவுக்குச் சேணம் வைத்தவர் எத்திராஜ். அவர் சரியாகத்தான் வைத்தார்.